சீனி போட்டுத் தின்ற சீஸ்

அன்று குசினியில் இருந்தவர்கள்: நான். என் கணவர். அப்போதிக்கரி அண்ணை. கொண்டக்டர். என் வயிற்றில் ஒன்று, நாலாம் மாதம்.

இடம் சுவிஸில் பீல் என்ற நகரம். எண்பதுகளின் நடுப்பகுதி. ரயில் பாதைக்குப் பக்கத்தில் மூன்றாம் மாடி. ரயில் போனால் அலுமாரியில் கோப்பைகள் நடுங்கும். நாலு பேரும் அகதி மனுக் கொடுத்துவிட்டுப் பதில் வரும் என்று இருந்தோம். வீட்டில் பெண் நான் ஒருத்திதான்.

என் கணவர் பழைய நகரப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். கொண்டக்டர் ஊரில் பஸ்ஸில் டிக்கற் கிழித்தவர். இங்கே மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். அப்போதிக்கரி அண்ணை ஊரில் ஒரு டிஸ்பென்சரியில் மருந்து கலந்து போத்தலில் ஊற்றிக் கொடுத்தவர். வைத்தியர் அல்ல. ஆனால் ஆங்கிலம் தெரியும், கண்ணாடியும் போட்டிருப்பார். எங்களுக்கு அது போதும். இங்கே முதியோர் இல்லத்தில் நிலம் துடைத்தார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுதத் தெரியும். அதிகம் எழுதியதில்லை.

அன்று கூடியதற்குக் காரணம் உண்டு. ஊரில் எனக்கு ஒன்று மூன்றாம் மாதம் கலைந்தது. பப்பாப்பழம் தின்றதால்தான் என்று மாமி சொன்னா. நான் தின்றது உண்மை. அரைப் பழம். அதற்குப் பிறகு நாலு வருடம் ஒன்றும் தங்கவில்லை. இது தங்கியது. எனக்கு வயது முப்பத்தாறு. இதுவும் போனால் இனி இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

ஊருக்குக் கடிதம் போட்டுப் பதில் வர ஒரு மாதம் ஆகும். ஆகவே ஆம்பிளைகள் மூன்று பேரும் தங்கள் தாய்மாரும் அக்காமாரும் எதை விலக்கினார்கள் என்று ஞாபகப்படுத்தினார்கள். அண்ணை சொல்ல, கொண்டக்டர் பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கம் எழுதினார்.

"பப்பாப்பழம்."

"பீலில பப்பாப்பழம் ஆர் அண்ணை விக்கிறான்?"

"நீ எழுதடா. கண்டா விலத்த வேணும். அடுத்தது அன்னாசி."

"தகர ரின்னில அடைச்சு வாறதுமோ?"

"ரின்னுக்கை இருந்தா அது என்ன, கிழங்கே? எழுது. எள்ளு. கடுஞ்சூடு. கத்தரிக்காய் கிரந்தி, உடம்பில சொறி போடும். நண்டு, இறால் கிரந்தி."

கொண்டக்டர் பேனையை நிறுத்தினார். "என்ரை அக்கா ஒட்டின வாழைப்பழம் தின்னமாட்டா. ரெட்டைப்பிள்ளை பிறக்குமாம்."

"அதை எழுதாதை," என்றார் என் கணவர். "ரெண்டு வந்தா நல்லதுதானே. ஒரே நோவோட முடிஞ்சிடும்."

"நோகப்போறது உங்களுக்கே?" என்றேன்.

சிரித்தார்கள். அந்த வீட்டில் எல்லோரும் ஒன்றாகச் சிரித்தது அபூர்வம்.

பிறகு செய்யக் கூடாதவை. கையைத் தலைக்கு மேலே தூக்கக் கூடாது, கொடி பிள்ளையின் கழுத்தில் சுற்றும். சைக்கிள் கூடாது. வாசற்படியில் இருக்கக் கூடாது. செத்த வீட்டுக்குப் போகக் கூடாது. பொழுதுபட்டால் வெளியே போகக் கூடாது.

"இஞ்சை அஞ்சு மணிக்கே பொழுதுபடுது அண்ணை. அப்ப அக்கா மத்தியானத்தோட கதவைப் பூட்டுறதோ?"

"ஓம். பூட்டட்டும்."

தாளைக் குசினிக் கதவில் ஒட்டினார்கள்.

ஆஸ்பத்திரி மருத்துவிச்சியும் ஒரு தாள் தந்திருந்தா. ஒரு பக்கம் ஜேர்மன், மற்றப் பக்கம் பிரெஞ்சு. அதில் ஒரே ஒரு படம், பூனை. பூனைக்கு மேலே குறுக்குக் கோடு.

"பூனை தின்னக் கூடாதாம்," என்றார் கொண்டக்டர். "அக்கா, இனி விட்டிடுங்கோ."

அண்ணை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அதைப் பார்த்தார். அவருக்கு இரண்டு பாஷையும் தெரியாது. தாளை மடித்துப் பெட்டிக்குள் வைத்தோம்.

கதவில் ஒட்டிய தாளின்படியே நடந்துகொண்டோம். கழுவின துணியைக் கட்டிடத்தின் கீழே ஓர் அறையில் காயப்போட வேண்டும். எங்கள் முறை பதினாலு நாளுக்கு ஒருமுறை. கொடி உயரம். நான் கதிரையில் இருப்பேன். கொண்டக்டர் என் சீலைகளை உதறி உதறிப் போடுவார். கீழ் வீட்டுச் சுவிஸ் மனுசி வந்து பார்த்துவிட்டுப் போவா. ஆம்பிளைகளுக்கு வேலைத்தலத்தில் கொடுக்கும் பாணில் எள்ளுத் தூவியிருக்கும். அதைக் கொண்டுவந்தால் அண்ணை கத்தி எடுத்து ஒவ்வொரு எள்ளாகச் சுரண்டுவார். ஒன்று தவறி இருந்தாலும் அந்தத் துண்டை வெட்டித் தான் தின்பார். ஒருநாள் பெரிய கடையில் பப்பாப்பழத்தைக் கண்டேன். ஒன்றே ஒன்று, தாளில் சுற்றி வைத்திருந்தது. திரும்பி வெளியே வந்துவிட்டேன்.

இலையுதிர்காலம் முடிய என் கணவரின் கடையில் ஒரு சீஸ் வந்தது. மெல்லிய மரப்பட்டை சுற்றின வட்டப் பெட்டி. மேலே தோல், உள்ளே கூழ் போல. மிச்சம் விழுந்ததைச் சமையற்காரன் இவருக்குக் கொடுத்தான். மனைவி பிள்ளைத்தாச்சி என்று அவனுக்குத் தெரியும். இரங்கிக் கொடுத்தான்.

இவர் அதைக் கொண்டுவந்து மேசையில் திறந்தார். கொண்டக்டர் மூக்கைப் பொத்தினார்.

"ஆற்றை காலுறை அண்ணை உது?"

"சும்மா இரும். பாலில செய்தது," என்றார் என் கணவர்.

அப்போதிக்கரி அண்ணை கிட்ட வந்து மணந்தார். "பால், தயிர், மோர் எல்லாம் குளிர்ச்சி. உடம்புச் சூட்டைத் தணிக்கும். இஞ்சத்தைப் பிள்ளையளைப் பாத்தனீங்களே? என்ன கொழுப்பு. உதாலதான். தின்னு தங்கச்சி."

எனக்கு மணம் ஒத்துக்கொள்ளவில்லை. சீனி போட்டேன். தயிரும் சீனியும் மாதிரிக் கரண்டியால் தின்றேன். இரண்டாம் நாள் மணம் பழகிவிட்டது. அதற்குப் பிறகு இவர் வேலை முடிந்து வந்தால் என் கண் அந்தப் பெட்டியைத்தான் தேடும். ஏழு கிழமை தின்றேன். அவர்கள் மூன்று பேரும் தொடவில்லை. எனக்கென்று வைத்தார்கள்.

வயிறு வளர்ந்தது. பிள்ளை உதைத்தது. என் கணவர் கையை வைத்துப் பார்ப்பார். நெடுநேரம் கையை எடுக்கமாட்டார்.

தை மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது. குளிர் நடுக்கம், இடுப்பில் நாரி நோ. அண்ணை கொத்தமல்லி அவித்துத் தந்தார்.

"பனி பிடிச்சிட்டுது. குளிசை போடாதை, பிள்ளைக்குக் கூடாது."

இரண்டு நாளில் விட்டுவிட்டது. எழும்பிச் சோறு ஆக்கினேன். ஐந்தாம் நாள் காலை பிள்ளை அசையவில்லை. மத்தியானம் வரை பார்த்தேன். படுத்துப் பார்த்தேன், சீனித்தண்ணி குடித்துப் பார்த்தேன். பிறகு இவரிடம் சொன்னேன்.

"நித்திரையாக்கும்," என்றார்.

"இல்லை."

பஸ்ஸில் போனோம். அண்ணையும் வந்தார், ஆங்கிலம் கதைக்க. வைத்தியர் ஒரு பெண். கருவியை வயிற்றில் வைத்தா. நெடுநேரம் தேடினா. அவ முகத்தைப் பார்த்தேன். அண்ணை மொழிபெயர்க்க வாயெடுத்தார். விளங்கிட்டுது, சொல்ல வேண்டாம் என்றேன்.

அடுத்த நாள் பிறந்தது. பெண். சத்தம் இல்லை. துணியில் சுற்றித் தந்தார்கள். தலையில் முடி இருந்தது. என் கணவர் வாங்கவில்லை. கையை இரண்டு தரம் நீட்டினார், பிறகு பின்னால் கட்டிக்கொண்டார்.

நாலாம் நாள் வைத்தியர் கட்டிலருகே வந்தா. கையில் பைல். இரத்தத்திலும் நச்சுக்கொடியிலும் ஏதோ கிருமி கண்டிருக்கிறார்களாம். நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டா.

அண்ணை நிமிர்ந்து நின்றார். இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது. பப்பாப்பழம் இல்லை என்றார். அன்னாசி இல்லை. எள்ளு ஒரு மணிகூட இல்லை. கத்தரிக்காய் இல்லை, நண்டு இல்லை. கையைத் தூக்கவில்லை, சைக்கிள் ஏறவில்லை. விரலை மடித்து மடித்து ஆங்கிலத்தில் சொன்னார். வைத்தியர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு நின்றா. ஒன்றையும் எழுதவில்லை.

பிறகு அவ ஒரு சொல் கேட்டா. அது எனக்கும் விளங்கியது. சீஸ்?

"யெஸ், யெஸ்," என்றார் அண்ணை. "எவ்ரிடே."

வைத்தியர் எழுதத் தொடங்கினா.

எப்படிப்பட்டது என்று கேட்டா. என் கணவர் கையால் வட்டம் காட்டினார். மரப்பட்டை சுற்றியதையும் காட்டினார். மெத்தென்று இருக்கும் என்பதற்கு அவருக்குக் கடையில் பழகிய ஜேர்மன் சொல் தெரியும், அதைச் சொன்னார். வைத்தியர் நீளமாகக் கதைத்தா. அண்ணை கேட்டுக்கொண்டே இருந்தார். மொழிபெயர்க்கவில்லை.

"என்னவாம்?" என்றேன்.

"உந்தக் கூழ்ச் சீஸில அந்தக் கிருமி இருக்குமாம். மற்ற ஆக்களுக்குப் பெரிசா ஒண்டும் செய்யாதாம். பிள்ளைத்தாச்சிக்குத்தான் கூடாதாம். தாய்க்கு ரெண்டு நாள் காய்ச்சல் மாதிரி வந்து போயிடுமாம்." நிறுத்தினார். "தின்ற எல்லாருக்கும் வாறேல்லையாம். தெரிஞ்சிருக்க வழியில்லையாம்."

"நான் கொண்டந்ததோ?" என்று கேட்டார் என் கணவர்.

அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நேரத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

வைத்தியர் போகத் திரும்பினா. நான் அண்ணையின் சேட்டைப் பிடித்தேன்.

"பப்பாப்பழத்தைக் கேளுங்கோ. ஊரில திண்டது."

அவர் கேட்டார். வைத்தியருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு ஏதோ திருப்பிக் கேட்டா.

"காயோ பழமோ எண்டு கேக்கிறா."

"பழம். நல்லாப் பழுத்தது."

"பழுத்ததால ஒண்டும் வராதாம்."

நாலு வருடமாக அந்தப் பிள்ளையை நான்தான் தின்றேன் என்று இருந்தேன். இப்போது அது இல்லை என்றார்கள். எனக்கு அதனால் ஆறுதல் வரவில்லை.

பிறகு எனக்குப் பிள்ளை தங்கவில்லை. சில வருடம் கழித்து, ஜேர்மன் வகுப்பில் கூட இருந்தவ ஒருத்தியிடம் மருத்துவிச்சியின் தாளைக் கொடுத்து வாசிப்பித்தேன். பூனையின் கழிவைத் தொடக் கூடாது, பச்சை இறைச்சி கூடாது, சிகரெட் கூடாது, வைன் கூடாது. சீஸ் பற்றி ஒரு வரியும் இல்லை. அன்றைக்கு வாசித்திருந்தாலும் தின்றுதான் இருப்பேன்.

என் கணவர் அதே கடையில் பதினொரு வருடம் நின்றார். கோப்பை கழுவினவரைப் பிறகு தட்டு அடுக்க விட்டார்கள். சீஸ் தட்டும் அவர்தான் அடுக்கினார். அதைப்பற்றி நாங்கள் கதைத்ததில்லை. கொண்டக்டர் சோலோதுர்ன் என்ற பக்கத்து நகரத்துக்குப் போனார். அண்ணை அதற்குப் பிறகு ஒருவருக்கும் மருந்து சொல்லவில்லை. தலையிடி என்றாலும் "டொக்டரிட்டைப் போ" என்பார்.

அந்தத் தை மாதம், ஆஸ்பத்திரியை விட்டுப் போன நாள், ஒரு தாள் தந்தார்கள். பதிவுக்கு. அண்ணை நடைபாதைக் கதிரையில் இருந்து, இடையிடையே தாதியைக் கேட்டு வாசித்தார். பெண் என்று இருந்தது. பெயர் எழுதும் இடத்தில் ஒரு கோடு.

என் கணவர் அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "நிறை போட்டிருக்கோ?" என்று கேட்டார்.

அண்ணை தாளைக் கிட்டப் பிடித்தார்.

"போட்டிருக்கு."

"எவ்வளவு?"

ஆயிரத்து இருநூற்றுப் பத்துக் கிராம்.