கோழித் தராசில் என் மனைவி

என் மனைவியை, வேலையாட்கள் பார்த்துக்கொண்டிருக்க, கோழி எடைபோடும் தராசில் ஏறி நிற்கச் சொன்னவன் நான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதவிடாய் நிற்கும் வயதில் மனைவியின் உடம்பு மாறுவதைக் கண்டு முகம் சுளிக்கும் கணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நாமக்கல்லுக்குப் பக்கத்தில் எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை இருந்தது. எங்கள் தொழிலில் வயதை வாரங்களில் சொல்வோம். முட்டை குறைந்துவிட்டால் கோழிகள் எடைபோடப்பட்டுக் கறிக்கு லாரி ஏறும். அப்படியொரு நாளில் என் மனைவி சரசு எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள். ஐம்பதை நெருங்கியிருந்தாள். மாதவிலக்கு தள்ளித் தள்ளி வந்து, நின்றுபோயிருந்தது. இடுப்பும் வயிறும் பெருத்து, ரவிக்கைகளைப் பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் அப்படியே ஏறு புள்ள, பாக்கலாம்" என்றேன். "முட்டை நின்னுபோனா தின்னதெல்லாம் கொழுப்பாத்தான் போகும்."

கோழி வாங்க வந்தவர் சிரித்தார். சரசு டீப் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடியே ஏறினாள்.

"டீப் போசியோட நிக்கறேனுங்க. போசி எடையக் கழிச்சுக்குங்க" என்றாள்.

அதற்கு எல்லோருமே சிரித்தார்கள். தன்னை அவள் எப்படிக் காப்பாற்றிக்கொண்டாள் என்பது அன்று எனக்குப் புரியவில்லை.

நான் விலங்கியல் பட்டம் பெற்றவன். முட்டை குறைந்த கோழிகளுக்குச் சில காலம் தீனியைக் குறைத்து, இறகு உதிரவைத்து, மறுபடி முட்டைக்குக் கொண்டுவரும் வழக்கம் பண்ணைகளில் உண்டு. அந்தக் கணக்கை வீட்டுக்குள் கொண்டுவந்தேன். இரவில் சோறு கூடாது, ஒரு உருண்டை களி போதும் என்றேன். கொழுப்பு என்று முட்டையையும் நிறுத்தினேன். முட்டை விற்றுப் பிழைத்த வீட்டில்.

ஒருநாள் மதியம் சமையலறைக்குள் போனபோது அவள் சுவரைப் பார்த்து நின்று நிலக்கடலை தின்றுகொண்டிருந்தாள்.

"களவாங்கித் திங்கறயா?" என்று கேட்டேன்.

மெல்லாமலே விழுங்கினாள். அதன்பின் என் கண்முன் அவள் சாப்பிட்டதில்லை.

"ஒடம்பெல்லாம் தீயா எரியுதுங்க, தூக்கமே வாரதில்லீங்க" என்பாள். கொழுப்பு கரைகிறது என்று பதில் சொன்னேன். அவள் முகம் வற்றியது, வயிறு அப்படியே இருந்தது. நான் தராசைத்தான் நம்பினேன்.

துவைக்கிற கல்லருகே தலைசுற்றி விழுந்து, மணிக்கட்டு முறிந்தது. சேலத்தில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். மருத்துவர் ஓர் அம்மா. பரிசோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். இந்த வயதில் ஈஸ்ட்ரோஜன் (சூலகத்தில் சுரக்கும் பெண்மை இயக்குநீர்) குறைகிறது. கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேர்கிறது. தசை குறைவதால் முன்பு தின்ற அளவே தின்றாலும் எடை கூடலாம். உடம்பு எரிவதும் தூக்கம் கெடுவதும் இதனாலேதான். பட்டினி போட்டால் தசைதான் முதலில் தேயும். அவளுக்கு ஆஸ்டியோபோரோசிஸ் (எலும்பின் அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நிலை) இருந்தது. அரைவயிறு அதை மோசமாக்கியிருக்கும் என்றார்.

"இப்படிப் பட்டினி கெடக்கச் சொன்னது யாரும்மா?"

"யாருஞ் சொல்லலீங்க டாக்டர். நானாத்தான் எளைக்கோணும்னு இருந்துட்டனுங்க."

நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தராசில் ஏற்றியதைவிட அந்த மௌனம் பெரிய தவறு.

கட்டுப் பிரித்த பிறகு பரிகாரம் தேடினேன். வேலையாட்களைக் கொட்டகை முன் கூட்டி, அன்று சரசுவைத் தராசில் நிறுத்தியது என் தப்பு என்றேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்து வீட்டுக்கு வந்தேன். செய்தி எனக்கு முன்பே வந்திருந்தது.

"ஆள்காரங்களக் கூட்டி வெச்சுத்தான் ஏத்துனீங்க. இப்ப ஆள்காரங்களக் கூட்டி வெச்சே எறக்கறீங்க. ரெண்டு வாட்டியும் தராசுல நின்னது நானுங்க" என்றாள்.

அடுத்தமுறை மருத்துவரிடம், பட்டினி போட்டவன் நான் என்று சொன்னேன். அவர் சரசுவைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். மருத்துவர் சொன்னபடி அவளுக்கு மாத்திரை, பருப்பு, முட்டை, கைகால்களுக்கு வலுவூட்டும் பயிற்சி. தினமும் காலையில் முட்டை அவித்து, உரித்து, மூடிவைத்துவிட்டு நான் தோட்டத்துக்குப் போய்விடுவேன். திரும்பும்போது தட்டு கழுவியிருக்கும். ஆண்டுகள் இப்படியே போயின. பண்ணையை விற்றுவிட்டோம்.

கோழிக்கு முட்டை நின்றால் லாரி. அவளுக்கோ அதன்பின் வாழ்வின் பெரும் பகுதி மிச்சமிருந்தது. வாரங்களில் எண்ணிப் பழகிய எனக்கு அது தோன்றவே இல்லை. இப்போது இளைத்துக்கொண்டிருப்பது நான். வேட்டி இடுப்பில் நிற்பதில்லை. அவள் ஒரு சொல்லும் சொல்வதில்லை.

சென்ற மாதம் அதே மருத்துவமனையில் செவிலி அவளை எடைபார்க்கக் கூப்பிட்டார். "ஐயா, நீங்களும் வாங்க" என்றார். வேண்டாமென்று தாழ்வாரத்திலேயே நின்றுகொண்டேன். அவளுடைய எடை இன்று எனக்குத் தெரியாது.

வெளியே வந்தவள், "பசிக்குதுங்க. எங்கியாச்சும் சாப்புட்டுட்டுப் போலாம்" என்றாள். பசிக்கிறது என்று அவள் என்னிடம் சொல்லி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

மருத்துவமனைக்கு எதிரே ஒரு ஓட்டலில் எதிரெதிராக உட்கார்ந்தோம். அவள் இலையில் இரண்டாவது தோசை விழுந்தது. என்னையறியாமல் பார்த்துவிட்டேன்.

"என்ர எலையப் பாக்காதீங்க. உங்க எலையப் பாத்துச் சாப்புடுங்க" என்றாள், வாயில் தோசையோடு.

என் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். எதிரில் அவள் மெல்லும் சத்தம் கேட்டது.