மோகனாவின் கட்டைவிரலும் பதினாலு பேரும்

மோகனாவின் வலது கட்டைவிரலுக்கு அந்த ஆம்பூர் ஷூ கம்பெனியில் கோர்ட்டு முத்திரைக்குச் சமமான மரியாதை. தோலில் உண்ணி கடித்த தழும்பு இருந்தாலும் தப்பாது. பழுதைக் கண்ட இடத்தில் விரல் இரண்டு தட்டு தட்டும். பிறகு சில்வர் பேனாவால் ஒரு பெருக்கல் குறி விழும். பத்தொன்பது வருடச் செக்கர் வேலையில் அப்பீலுக்குப் போனவர் எவருமில்லை.

அப்பேர்ப்பட்ட விரல் ஒரு போனிடம் தோற்றது. பள்ளிகொண்டாவிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில், ஷாப்பிங் ஆப் ஒரு கைப்பையைக் காட்டியது. 'அசல் தோல். உங்களுக்குத் தெரிந்த 14 பேர் வாங்கியுள்ளனர்.' பதினாலு பேரும் அவள் லைனில் தைப்பவர்கள். வாங்கினாள். வந்த பையைத் தடவிய விரல், ரெக்சின் என்றது. ஒரு விரலா, பதினாலு பேரா? ஜனநாயக முறைப்படி விரல் டெபாசிட் இழந்தது. பையும் பார்க்கப் பார்க்க அழகாகிவிட்டது. ஐந்து நட்சத்திரம் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில், அந்தப் பதினாலு பேரில் ஒருத்தியான ஹீனா அதே பையை மேஜைமேல் போட்டாள். மற்ற பதிமூன்று பேரும் தத்தம் பையோடு சூழ்ந்தார்கள்.

"இது ரெக்சின்னு எங்க வூட்டுக்காரரு ஒரே பேஜார். நீயே சொல்லுக்கா."

"நீ இன்னாத்த பார்த்து வாங்கின?"

"உன் பேரத்தான். 'மோகனா விரும்பினார்'னு காட்டுச்சே! செக்கரே ஓகே பண்ணிட்டாங்கன்னு எல்லாரும் வாங்கிட்டோம்."

மோகனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. போன மாதம் ஆப்பில் இதே பையின் படத்தில் ஒரு சுருக்கம் கண்ணில் பட, பழக்கதோஷத்தில் அதன்மேல் இரண்டு தட்டு தட்டியிருந்தாள். ஆப்பில் இரண்டு தட்டினால் விருப்பம்.

தோல் என்று சாதித்தால் விரலுக்குத் துரோகம். ரெக்சின் என்றால், நாளை அவள் போடும் பெருக்கலை எவள் மதிப்பாள்? பதினாலு ஜோடிக் கண்கள் அசையவில்லை. ஒருத்தியும் டிபன் டப்பாவைத் திறக்கவில்லை.

பேனாவை எடுத்தாள். தன் பைமேல் அழுத்திப் பெருக்கல் போட்டாள்.

"ரெக்சின். நான் தட்டினது பழுதுன்னு. போன் அத புடிச்சிருக்குன்னு எடுத்துக்கிச்சு."

"அப்ப நீ ஏன்க்கா வாங்கின?"

"நீங்க பதினாலு பேரு வாங்கினீங்களேடி!"

ஹீனாதான் முதலில் சிரித்தாள். பிறகு தன் பையை நீட்டினாள். "எனக்கும் போடுக்கா." பின்னால் வரிசை நின்றது. செக்கரின் கௌரவம் பிழைத்தது. பதினைந்து பைகளும் முறைப்படி ரிஜெக்ட்.

கிறுக்கிய பையை ஆப் திரும்ப எடுக்காது என்பது, மணி அடித்த பிறகுதான் யாருக்கோ நினைவு வந்தது.