குடிக்காமலே குடியை விட்ட கதை

மதுவிலக்கு மறுபடியும் வந்திருந்த எழுபதுகளின் பிற்பாதியில், உத்திரமேரூரைச் சுற்றி ஒரு சொட்டுக்கூடத் தொடாமல் பெருங்குடிகாரன் என்று பெயரெடுத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மற்றவர்கள் ஆற்றங்கரைப் புதர்களுக்குள் ஒளிந்து, முள் கிழித்து, சிரமப்பட்டுக் குடித்துவிட்டு நல்லபிள்ளைகளாகத் திரிந்தார்கள். எனக்கு அந்தச் சிரமம் எதுவும் இல்லாமல் பெயர் தானாக வந்து சேர்ந்தது.

அதற்கான தகுதிகள் என்னிடம் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. முகம் வீங்கியிருந்தது. கண்ணிமை பாதிதான் திறந்தது. குரல் தடித்துப்போய், நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் கேட்பவர் வெற்றிலை போட்டுத் துப்பிவிட்டு வந்துவிடலாம். ஏர் ஓட்டப் போனால் மாடு எனக்காக நின்று காத்திருந்தது. எங்கள் கழனிக்குத் தண்ணீர் முறை வந்த நாளில் நான் மடையோரம் உட்கார்ந்தபடியே தூங்கிப்போக, தண்ணீர் அடுத்தவர் கழனிக்குப் பாய்ந்தது. கத்திரி வெயிலில் ஊரே மேல்துண்டைக்கூடச் சுமையாக நினைத்தபோது நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடந்தேன். "சரக்கு கெடைக்கலன்னா ஒடம்பு இப்டித்தான் வெடவெடக்கும்" என்று விவரம் தெரிந்தவர்கள் விளக்கம் சொன்னார்கள்.

என் வாயில் வாசனையே வரவில்லை என்பதுதான் எனக்கு எதிரான பெரிய சாட்சி. வாசனை வராத சரக்கென்றால் விலை உயர்ந்த சரக்கு. அப்பன் சொத்தை வேறு எப்படி அழிப்பதாம்? ஊரின் நிஜக் குடிகாரர் ஒருவர் ஒருநாள் ஏரிக்கரையில் என் பக்கத்தில் மரியாதையாக வந்து உட்கார்ந்தார்.

"இன்னா தம்பி, நீ பாட்டுக்குக் குட்ச்சிக்கினு கீறே, வாசனையே வர்ல. எங்க கெடைக்குதுன்னு எங்களுக்கும் சொல்லக்கூடாதா?"

"நான் குடிக்கிறதே இல்லண்ணே."

அவர் முகம் வாடிப்போனது. "சொல்ல இஷ்டமில்லன்னா வுடு. அதுக்கு இன்னாத்துக்குப் பொய்யி?" என்று எழுந்து போனார்.

இதையெல்லாம் சிரித்துத் தள்ளியிருப்பேன். நைனா என்னோடு பேச்சை நிறுத்தியதைத்தான் தாங்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். அவருடைய தம்பி, என் சித்தப்பா, குடித்தே செத்தவர். அவரை விழுந்த இடத்திலிருந்தெல்லாம் தூக்கிவந்து வீடு சேர்த்தவர் நைனா. என்னையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டார். ஒரே கூரைக்கடியில் இருந்துகொண்டு, "உம் புள்ளய துன்னச் சொல்லு" என்று அம்மா வழியாகத்தான் செய்தி வரும். நான் அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். சித்தப்பாவும் அதே சத்தியத்தைத் தாராளமாகச் செய்தவர் என்பதால் அது எடுபடவில்லை. ஒரு வார்த்தை திட்டியாவது தொலைக்க மாட்டாரா என்று ஏங்கினேன்.

கடைசியில் என்னைக் காப்பாற்றியது போலீஸ். நம்புங்கள். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் நான் தள்ளாடி நிற்பதைப் பார்த்த ஒரு கான்ஸ்டபிள், "ஊதுறா" என்றார். ஊதினேன். வாசனை இல்லை. அவருக்கு அது இன்னும் பெரிய குற்றமாகப் பட்டது. நான் குடித்திருக்கிறேன் என்று சான்று வாங்க அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார்.

டாக்டர் என் கண்ணைப் பார்த்தார், முகர்ந்தார், கோடு மாதிரி நேராக நடக்கச் சொன்னார். பிறகு என்ன நினைத்தாரோ, என்னை நாற்காலி மேல் முட்டி போடவைத்து, குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் வெடுக்கென்று போனது. திரும்பி வருவதற்கு மட்டும் அவசரமே காட்டவில்லை. அதுவும் என் பாதம்தானே.

"இவர் குடிக்கலைய்யா" என்றார் கான்ஸ்டபிளிடம். "கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு. அது சரியா வேலை செய்யலை போலிருக்கு. அதான் எல்லாமே மந்தமாயிடுச்சு."

கான்ஸ்டபிள் ஏமாந்துபோனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் குடிக்கவில்லை என்று இன்னொரு வாய் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

செங்கல்பட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே எடுத்த ரத்தம் மெட்ராஸ் வரை போய்ச் சோதனையாகி வந்தது. நான் அதுவரை மெட்ராஸ் பார்த்ததில்லை. கையில் கொடுத்தது பொட்டு அளவுக்கு ஒரு வெள்ளை மாத்திரை. தினமும் காலையில், வெறும் வயிற்றில், உயிரோடு இருக்கும்வரை. "ஜொரத்துக்கு மூணு நாளு மாத்தர தெரியும். அது இன்னா சாவற வரைக்கும்?" என்று அம்மா அந்த டாக்டரைத் திட்டித் தீர்த்தாள். காப்பிக்கு முன்னால் மாத்திரை என்பது அவளுக்கு அதைவிடப் பெரிய அநியாயம்.

மாதங்கள் போகப் போக முகத்தின் வீக்கம் வடிந்தது, குரல் திரும்பியது, கம்பளி பெட்டிக்குள் போனது. மாட்டை நான் அதட்டும் நிலைக்கு வந்தேன். ஊரும் பெருந்தன்மையோடு தீர்ப்பைத் திருத்தியது: பையன் மாத்திரை போட்டுக் குடியை விட்டுவிட்டான். ஏரிக்கரையில் என்னிடம் விசாரித்தாரே, அவருடைய மனைவி வீட்டுக்கே வந்துவிட்டாள். "அந்தக் குடிய வுட்ற மாத்தர ரெண்டு குடு தம்பி. சோத்துல கலந்துடறேன்." கொடுக்கவில்லை. கல்நெஞ்சக்காரன் என்ற பட்டமும் சேர்ந்தது.

நைனாவிடம் மட்டும் உண்மையை உடைத்துச் சொல்லிவிடுவது என்றிருந்தேன். டாக்டர் சொன்னதை மனதுக்குள் ஒப்பித்துப் பழகினேன். தைரியம் வந்த காலையில் பார்த்தால் ஆள் வீட்டில் இல்லை. மறுநாள் மத்தியானம் வந்தார், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு. தன் தலைமுடியில் அவருக்கு இருந்த கர்வம் ஊருக்கே தெரியும். எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொள்ளாமல் மாட்டுக் கொட்டகைக்குக்கூடப் போகமாட்டார். நான் குடியை விட்டால் முடி தருவதாகத் திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாராம்.

என் முன்னால் வந்து நின்றார். "துன்னியா நைனா?" என்றார். சின்ன வயதில் கொஞ்சும்போது என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

சுரப்பி, சுத்தியல், மெட்ராஸ் எல்லாம் தொண்டை வரை வந்து நின்றன. அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டு எதைச் சொல்வது?

"இனிமே குடிக்க மாட்டேன் நைனா" என்றேன்.

அவர் என் கன்னத்தைத் தடவிவிட்டு, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அடுத்த நாளிலிருந்து சாகும்வரை, காலையில் அந்த மாத்திரையையும் ஒரு சொம்பு தண்ணீரையும் அவரேதான் கொண்டுவந்து கொடுத்தார். நான் விழுங்குகிறேனா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்.