பெல்ட்டில் இருந்த எண்

இருபது வருடமாக வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் மெக்கானிக்குக்குக் கைவேலை சுத்தம், வாய்தான் நீளம். வழக்கமாக உதிரிபாகம் வாங்கும் கடையை மூடிவிட்டதால், ஒரு மெஷினிலிருந்து கழற்றிய தேய்ந்த பெல்ட்டுக்கு மாற்றை அந்த மெஷின் கம்பெனியின் இணையதளத்தில் தேட உட்கார்ந்தார். "சுற்றும்போது கிழட்டு நாய் மாதிரி உறுமும் மெஷினுக்கு நல்ல பெல்ட் வேண்டும்" என்று தட்டினார். ஒன்றும் வரவில்லை. இன்னும் இரண்டு வரி சேர்த்து விளக்கினார். அப்போதும் இல்லை.

"கல்லுகிட்ட பேசலாம், இதுகிட்ட முடியாது" என்று எரிந்து விழுந்தார்.

"கடைக்காரர்கிட்ட பேசுற மாதிரி பேசினா அதுக்கு என்னங்க புரியும்? பழைய பெல்ட்டுல ஏதாச்சும் எழுதியிருக்கா பாருங்க" என்றாள் மனைவி.

அழுக்கைத் துடைத்ததும் ஆறு இலக்க எண் தெரிந்தது. அதை மட்டும் தட்டினார். ஒரே ஒரு பெல்ட் வந்து நின்றது. அதேதான்.

மறுநாள் வாடிக்கையாளர் ஒருவர் போனில் தன் மெஷினின் சோகக் கதையைத் தொடங்கினார்.

"கதையை அப்புறம் கேக்குறேங்க" என்றார் மெக்கானிக். "முதல்ல மெஷின் முதுகுல இருக்குற நம்பரைச் சொல்லுங்க."