குனியாமல் தூக்கிய கொடி

கல்லூரி மைதானத்தில் அவரை எல்லாரும் சுண்ணாம்பு அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டப் பாதைக்குக் கோடு போடுவது, புல் வெட்டுவது, நீளம் தாண்டும் குழியில் மணலைக் கிளறிப் பொலபொலவென்று வைப்பது எல்லாம் அவர் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் வாங்கும் இடத்தோடு சரி. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது விசாரித்தால், கூடப் பிறந்த அக்காவுக்கே சற்றுக் கழித்துத்தான் அது தம்பி என்று உறைக்கும்.

அக்கா என்றால் பேருக்கு அக்கா இல்லை. அம்மா கண்ணை மூடியபோது இவர் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்த குழந்தை. இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள் அவள்தான். அப்பா வழியில் ஒரு பெரியப்பா இருந்தார். அவர் பெண்டாட்டி இந்த இரண்டு பிள்ளைகளையும் வாசலோடு திருப்பி அனுப்பிய மகராசி. ஆனால் பாருங்கள், அந்தப் பெரியம்மாவின் மகன்தான் பிற்காலத்தில் யார் யாரிடமோ சொல்லி இவருக்கு இந்த மைதான வேலையை வாங்கிக் கொடுத்தான். சிபாரிசில் வந்த வேலை என்கிற கூச்சம் இவருக்குக் கடைசிவரை போகவில்லை. அதனாலோ என்னவோ, வேலையில் யாரும் ஒரு சொல் சொல்லும்படி வைத்துக்கொள்ள மாட்டார்.

நீளம் தாண்டும் போட்டி என்றால் பலகைக்குப் பக்கத்தில் கொடி பிடிப்பவர் அவர்தான். ஓடி வருகிறவர்கள் பலகையை மிதித்துத் தாவலாம். பலகையைத் தாண்டி மிதித்தால் அந்தத் தாவல் செல்லாது. அதைக் கண்டுபிடிக்கப் பலகையை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்கு ஈர மணலைப் பூசி, பூச்சுக் கரண்டியால் கண்ணாடி மாதிரி வழித்து வைப்பார். கால் பட்டால் தடம் விழுந்துவிடும். ஒவ்வொரு தாவலுக்கும் முட்டி போட்டுக் குனிந்து, முகம் மணலில் இடிக்கிற அளவுக்குப் பார்ப்பார். பிறகுதான் எழுந்து, செல்லும் என்றால் வெள்ளைக் கொடி, செல்லாது என்றால் சிவப்புக் கொடி தூக்குவார். உடனே மறுபடி வழித்துவிடுவார். "அண்ணே, மணல மோந்து பாக்கறீங்களா?" என்று பையன்கள் கேலி செய்தாலும் அந்தக் குனிவு மட்டும் மாறாது.

அக்காவுக்கு ஒரே மகள். அக்கா புருஷன் லாரியோடு போனவர், வரவே இல்லை. இன்னொரு ஊரில் இன்னொரு குடும்பம் என்று காதில் விழுந்ததோடு சரி. அக்கா ஒரு சலவைக் கடையில் லாட்ஜ் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கிற வேலைக்குப் போனாள். தம்பி வந்தால் உட்காரச் சொல்ல மாட்டாள். விரிப்பின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்து மடித்துக்கொண்டே குடும்பக் கதை பேசுவாள்.

மகளுக்குப் படிப்பு சுமார்தான். காலில்தான் இறக்கை. உடற்பயிற்சி டீச்சராக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். வாங்கிய மார்க்குக்குக் கல்லூரியில் சாதாரணமாக இடம் கிடைக்காது. விளையாட்டுக்கென்று ஒதுக்கிய ஓர் இடம் இருந்தது. அது வருஷா வருஷம் பெரிய மனிதர் யாராவது கைகாட்டுகிற பிள்ளைக்குப் போய்விடும். எந்தக் காலால் தாவுவது என்றே தெரியாத பிள்ளைகளெல்லாம் அதில் படித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த வருஷம் புதிதாக வந்த பிரின்சிபால் அம்மா, "இனிமே அந்தக் கதை வேண்டாம். எல்லாரும் பாக்கத் தாண்டட்டும். யார் அதிக தூரமோ அவங்களுக்கு சீட்டு" என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

செய்தி கேட்டு அக்கா மகள் துள்ளினாள். மாமனுக்கோ கொடி தன் கையில் என்பதுதான் முதலில் ஞாபகம் வந்தது. நேரே பி.டி. மாஸ்டரிடம் போனார்.

"சார், தாண்ட வர்றதுல ஒண்ணு என் அக்கா மக. கொடிய வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க."

"யார்கிட்ட? வாட்ச்மேன்கிட்டயா? அவரு கொடியப் போத்திக்கிட்டுத் தூங்கிடுவாரு. உங்கள மாதிரி நேரான ஆளு எனக்கு எங்க கிடைப்பாங்க, போங்கண்ணே."

போட்டி அன்று காலை வேலியோரம் பெற்றோர் கூட்டம். அதில் ஒருவர் பஸ் டிரைவர். அவர் மகளும் நன்றாகத் தாண்டுகிறவள். யாரோ உறவு முறையைச் சொல்லியிருக்க வேண்டும். ஹாரன் அடிக்கிற குரலில் டிரைவர் சொன்னார்: "மாமன் கையில கொடி, மருமக காலு பலகையில. அப்புறம் என்ன, சீட்டு வீடு தேடி வந்துரும்!"

கூட்டம் சிரித்தது. சுண்ணாம்பு அண்ணனுக்குக் காது மடல் சுட்டது. சிபாரிசுக்காரன் என்று முதுகில் எழுதி ஒட்டின மாதிரி இருந்தது.

ஆளுக்கு மூன்று தாவல். முதல் சுற்றில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே தூரம். இரண்டாவது சுற்றில் டிரைவர் மகள் ஓடி வந்தாள். காலில் எங்கோ இரவல் வாங்கிய, அடியில் ஆணி வைத்த ஷூ. அவளுக்கு அடுத்தது அக்கா மகள். பாதையின் கோடியில் அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலை மண்ணில் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாமன் கண் ஒரு நொடி அங்கே போய்விட்டது. திரும்புவதற்குள் டிரைவர் மகள் குழிக்குள் விழுந்திருந்தாள். கூட்டம் கைதட்டியது. கை தானாக வெள்ளைக் கொடியைத் தூக்கியது. குனியவில்லை. வழிக்கவும் இல்லை.

அக்கா மகள் ஓடி வந்தாள். பலகையில் கால் 'தப்'பென்று விழுந்த சத்தம் அவருக்குக் கேட்டது. அப்புறம் அவள் மேலே போனாள். வேலியோரம் "ஓ" என்று ஒரு சத்தம் எழும்பியது. அவர் மணலைப் பார்த்தார். தடம் இருந்தது. குனிந்து தேடினால், மருமகளுக்குச் சாக்குத் தேடுகிறான் என்பார்கள் என்று நின்றபடியே சிவப்பைத் தூக்கிவிட்டார். தூக்கிய வேகத்தில் கொடி படபடத்தது. சிவப்பு என்றதும் குழியோரம் நின்ற ஆள் தூரத்தை அளக்காமலே மணலைக் கிளறி மூடிவிட்டான்.

பிறகுதான் கரண்டியோடு முட்டி போட்டார். ஈர மணலில் பொட்டுப் பொட்டாக ஆணி குத்திய துளைகள். வெறுங்கால் விரல் பட்ட பள்ளம் ஒன்றுகூட இல்லை.

மிதித்தது முந்தின பெண்.

"அண்ணே, என்ன புதையலா தேடறீங்க? அடுத்த ஆளு நிக்குது!" என்றார் மாஸ்டர். பழகின கை, கரண்டி ஒரே இழுப்பில் வழித்துவிட்டது. வாய் திறக்கவில்லை. இன்னொரு தாவல் இருக்கிறதே, சமாளித்துவிடுவாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

அவள் எப்படிச் சமாளிப்பாள்? மாமா சிவப்பு காட்டினால் தன் கால்தான் தப்பு என்று நம்புகிற பிள்ளை. ஓட்டம் தொடங்கும் அடையாளத்தை ஒரு அடி பின்னால் தள்ளி வைத்தாள். மூன்றாவது முறை பலகைக்கு எட்டாமலே தாவினாள். தூரம் குறைந்துபோனது. டிரைவர் மகளின் அந்த இரண்டாவது தாவல்தான் அதிக தூரமாக நின்றது; சீட்டு அவளுக்கு.

அதன்பிறகு சுண்ணாம்பு அண்ணன் மாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னார். மாஸ்டர் முகம் வாடிப்போனது.

"தடம் எங்கண்ணே?"

"வழிச்சுட்டேன் சார்."

"அந்தப் பொண்ணு தாவுனது செல்லாது, உங்க பொண்ணு தாவுனது செல்லும்னு, எல்லாம் முடிஞ்சப்புறம் நீங்களே வந்து சொன்னா யாருண்ணே நம்புவாங்க? பிரின்சிபால் அம்மாகிட்ட நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போவேன்? நல்ல பேரக் கெடுத்துக்காதீங்க."

அவரே போனார். பிரின்சிபால் அம்மா பொறுமையாகக் கேட்டார். "உங்க வருத்தம் புரியுது" என்று தண்ணீர் கொடுத்து அனுப்பினார்.

வெளியே வந்தால் டிரைவர். கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "காலைல வாய் தவறிப் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. சொந்த அக்கா மகள்னுகூடப் பாக்காம சிவப்பத் தூக்குனீங்களே! மனுசன்னா நீங்கதான்யா." கண் கலங்கியிருந்தது. பின்னால் அவர் மகள், கழற்றிய ஷூவை மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றாள். தான் மிதித்தது அவளுக்குத் தெரியாது. இவர் அந்தக் கையை எப்படி விடுவித்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்.

சாயங்காலம் சலவைக் கடைக்குப் போனார். தாயும் மகளும் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஊரான் பிள்ளைங்களுக்கெல்லாம் குனிஞ்சு பாப்பியேடா," என்றாள். "எங்களுக்கு மட்டும் நிமிந்தே நின்னுட்டியா?"

கத்தியிருந்தால் தேவலை. அவள் வெந்நீர் ஆறியதா என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

அக்கா மகள் கையிலிருந்த விரிப்பைக் கடைசி ஓரம் வரை தேய்த்து முடித்தாள். பிறகு, "அப்ப நான் மிதிக்கலையா மாமா?" என்றாள்.

"இல்லம்மா."

"எங்க விழுந்தேன்? எவ்ளோ தூரம் இருக்கும்?"

"நான் பலகையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். குழியப் பாக்கலம்மா."

"நானும் சிவப்பத்தான் பாத்தேன். திரும்பறதுக்குள்ள மணலக் கிளறிட்டாங்க."

அவள் குவியலிலிருந்து ஒரு விரிப்பை எடுத்து உதறினாள். பழக்கத்தில் அவர் கை மறுமுனையைப் பிடிக்க நீண்டது.

"விடுங்க மாமா," என்றாள் அவள், அம்மா பக்கம் முனையை நீட்டியபடி. "நாங்க பாத்துக்கறோம்."