லிஃப்ட் மெக்கானிக்கின் வாயு

அந்தப் பெண்மணி மனநல ஆலோசகர். வயது நாற்பத்தாறு. மூன்றாம் மாடியில், பல் மருத்துவருக்கும் தையல் வகுப்புக்கும் நடுவே அவருடைய அறை. ஒரு பக்கம் பல்லைக் குடையும் சத்தம், மறுபக்கம் மிஷின்களின் கடகடப்பு. இடையில் இவர் தணிந்த குரலில், “நிதானமாச் சொல்லுங்க, அவசரமே இல்ல” என்பார். “ஊர்க்கதை கேக்கறதுக்கு ஒரு ஆபீஸா?” என்று அவருடைய மாமியார் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஒருநாள் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர், கட்டடத்தில் லிஃப்ட் இருந்தும், மனைவியோடு படியேறி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். பழுதான லிஃப்டுக்குள் ஐந்து மணி நேரம் இருட்டில் மாட்டிக்கொண்டவர். இரண்டு மாதமாக வேலைக்குப் போகவில்லை.

“எங்க உக்காரணும்னு நீங்களே பாத்துக்குங்க” என்றார் ஆலோசகர். அடைபட்டுக் கிடந்தவருக்கு எதையாவது தன் இஷ்டப்படி செய்ய முடிவதே முதல் மருந்து என்பது அவர் அனுபவம். மெக்கானிக் எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வாசலைப் பார்த்திருந்த ஆலோசகரின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஆலோசகர் ஆடுகிற ஸ்டூலுக்குப் போனார்.

“கதவு திறந்தே இருக்கட்டும்மா” என்றார் மெக்கானிக்.

திறந்ததும் பக்கத்து வகுப்பில் தையல் மிஷின்கள் காதைத் தீட்டிக்கொண்டு சட்டென்று நின்றன. ஆலோசகர் எழுந்து போய் டீச்சரிடம் ஏதோ சொன்னார். மிஷின்கள் முன்னைவிட வேகமாக, கோபமாக ஓடத் தொடங்கின.

“இந்தப் பயம் எப்ப ஆரம்பிச்சுது?”

மெக்கானிக்கின் முகம் கறுத்தது. “பயமா? எனக்கா? இருபது வருஷமா அந்தரத்துல தொங்கி வேலை பாக்கறவன் நான். இது வாயும்மா.”

“வாயுதான் டாக்டர்” என்றார் மனைவி. “இவங்க பரம்பரைக்கே வாயு.”

ஆலோசகர் தான் படித்த புத்தகங்களையெல்லாம் மனதுக்குள் மூடிவைத்தார். “சரி, தப்பு என்மேலதான். அந்த வாயு எப்ப வரும்?”

“லிஃப்ட் கதவு மூடற சத்தம் கேட்டா. நெஞ்சு அடைக்கும், கை நடுங்கும். அப்புறம் ‘அம்மா’ன்னு கத்தணும்போல இருக்கும்.”

“இப்படியும் ஒரு வாயுவா!” என்று மனைவி வாயைப் பிளந்தார்.

அதன்பின் வாராவாரம் வாயுவைப் பற்றியே பேசினார்கள். அது கிளம்பினால் காலைத் தரையில் அழுத்தவும் மூச்சை மெல்ல விடவும் பழகினார்கள். நடந்ததைச் சொல்லும்படி ஆலோசகர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நாலாவது வாரம் மெக்கானிக்கே சொன்னார்: “உள்ள அழுதேன்மா. வெளிய வந்ததும் தைரியசாலின்னு எல்லாரும் கைதட்டினாங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?”

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஏழாவது வாரம், “இன்னிக்கு லிஃப்ட்ல இறங்கலாமா?” என்று அவரே கேட்டார்.

“முடியலன்னா கையத் தூக்குங்க, உடனே வெளிய வந்துடலாம்.”

மூவரும் ஏறினார்கள். கதவு மூடியது. மெக்கானிக் கையைத் தூக்கினார். ஆலோசகர் பதறிப்போய், இருந்த பட்டனையெல்லாம் அழுத்தினார்.

“அய்யோ, எனக்கு ஒண்ணுமில்லம்மா! மேல பாருங்க, ஸ்க்ரூ லூசா இருக்கு!”

லிஃப்ட் மாடிக்கு மாடி நின்று கதவைத் திறந்தது. மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுமாதம் அவர் வேலைக்குத் திரும்பினார், முதலில் அரைநாள் மட்டும். அந்த வாரமே அவர் மனைவி தனியாக வந்து, வாகாக ஒரு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“எனக்கு மனசுல ஒண்ணும் இல்ல டாக்டர். என் நாத்தனார் வந்தா மட்டும் முதுகு வலிக்குது.”