அப்பாவின் எடை

நிவித்திகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், இரு மலைகளுக்கு நடுவே, வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன புல் ஓடுபாதை ஒன்று இருந்தது. நான் பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்தபோது மண்சரிவு ரோட்டை மூடியது. நாங்கள் குடியிருந்த லயத்துச் சுவர் விழுந்து அப்பாவின் கால் நசுங்கியது. மறுநாள் மாலை, சேதம் பார்க்கும் அதிகாரியோடு ஒரு சிறிய விமானம் அங்கே இறங்கியது.

விடிந்ததும் விமானி புறப்பட ஆயத்தமானார். வெயில் ஏறினால் பள்ளத்தாக்கில் காற்றுக் கிளம்பிவிடும் என்று சிங்களத்தில் சொன்னார். ஒரு முனையை மலை அடைத்திருந்ததால் ஆற்றுப் பக்கச் சரிவில்தான் ஓட வேண்டும். பாதி தூரத்தில் சிவப்புத் துணி கட்டிய கம்பு நட்டிருந்தார். அதற்குள் போதிய வேகம் வராவிட்டால் ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும். மேலெழுந்த பின் மலையோரமாகவே போக வேண்டும். நடுவே போனால் திரும்ப இடமிராது. அப்பாவையும் ஏற்றிப்போகக் கேட்டதும், எல்லாம் பாரத்தைப் பொறுத்தது என்றார்.

"ஆள் எத்தனை கிலோ? ஐம்பத்தைந்துக்கு மேல் ஏற்ற முடியாது."

நான்தான் மொழிபெயர்த்தேன். கேள்வியை மட்டும் சொன்னேன், எல்லையைச் சொல்லவில்லை.

"அறுவது," என்றாள் அம்மா, யோசிக்காமல்.

அப்படியே சொன்னேன். விமானி மறுத்தார். காரணத்தை நான் சொன்னதும் அம்மா அவர் முன்னால் ஓடினாள்.

"இல்லீங்க மாத்தையா, அம்பதுகூட இருக்காதுங்க!"

"ஒரு நிமிடத்தில் பத்துக் கிலோ இளைத்துவிட்டாரா?" அதிகாரி சிரித்தார். தராசோ கொழுந்து நிறுக்கும் மடுவத்தோடு மண்ணுக்குள் கிடந்தது. தான் இறங்கிக்கொள்வதாக அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விமானம் சுலபமாக எழுந்து, மலையை ஒட்டி மறைந்தது.

"ஏம்மா கூட்டிச் சொன்னீங்க?"

"மடுவத்துல கொழுந்து நிறுக்கையில என்னைக்காவது கழிக்காம விட்டிருக்காங்களா? தண்ணிக்கு, சாக்குக்குன்னு எப்படியும் கழிப்பாங்க. கழிச்சா சரியா நிக்கும்னு நெனச்சேன் புள்ள."

அப்பாவைக் கம்பளியில் கட்டி, சரிவுகளைத் தாண்டித் தூக்கிப்போய், பொழுது சாய இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காலை முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. அதற்கு முன் நிறுத்துப் பார்த்தார்கள்: நாற்பத்தெட்டு.

அம்மா ஒருமுறைதான் கேட்டாள். "அந்த அம்பத்தஞ்ச நீ ஏன் மொதல்லயே சொல்லல?"

மறந்துவிட்டேன் என்றேன். எல்லை தெரிந்தால் அவள் பொய் சொல்வாள் என்று நினைத்ததை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.